பதினேழாம் தொட்டிக்கு ஊற்றியது யார்?

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். பதிலை இரண்டு வரிக்குள் எழுது.

போன மாதம் நீ இங்கே நான்கு நாள் இருந்தபோது, மாடியில் பேத்தியின் நாற்பது கீரைத் தொட்டிகளைப் பார்த்தாய் அல்லவா? அவை சமையலுக்கு இல்லை, படிப்புக்கு. பாதிக்கு வயிறு நிறையத் தண்ணீர், பாதிக்கு நாக்கு நனைகிற அளவு. இரண்டிலும் பாதிப் பாதிக்குச் செலினியம் என்று ஒரு சத்து கலந்த தண்ணீர். அது இம்மியளவு இருந்தால் நல்லதாம், கூடினால் விஷமாம், உன் பேச்சு மாதிரி. மண்ணில் என்ன சத்து இருந்தாலும் தண்ணீர் இல்லாமல் வேர் அதை மேலே ஏற்ற முடியாதாம். அப்படிக் காய்கிற செடிக்குச் செலினியம் கைகொடுக்குமா, இல்லை இரும்பையும் துத்தநாகத்தையும் உள்ளே வரவிடாமல் தடுக்குமா என்று இலையைப் பொடித்து மெஷினில் போட்டுப் பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. வெயில் பாரபட்சம் பார்க்கக் கூடாதென்று எல்லாத் தொட்டிகளையும் கலந்து வைத்து எண் எழுதி, எந்த எண்ணுக்கு என்ன தண்ணீர் என்று நோட்டில் குறித்திருந்தாள். நீ வருகிறாய் என்று வீட்டைத் துடைத்த மருமகள், அதே வேகத்தில் தொட்டிகளையும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். ஒரு எண் மிஞ்சவில்லை. பேத்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆறு மாசம் போச்சு பாட்டி!"

"அழாதடி. விளிம்பு உடைஞ்சது மூணு. அதுக்குப் பக்கத்துல சாஞ்சு நிக்கிறது இருபத்தெட்டு. எழுதிக்கோ."

நாற்பதையும் சொன்னேன். நீ கட்டிக்கொண்டு போய்த் திருப்பித் தராத பச்சைச் சேலையின் கரையில் எத்தனை கட்டம் என்று இன்றைக்கும் சொல்லுவேன், தொட்டி எம்மாத்திரம்? அவளுடைய பேராசிரியர்தான் நம்பவில்லை. "பாட்டி ஞாபகத்தை வச்சு ஆராய்ச்சி எழுத முடியாதும்மா" என்றாராம். மெஷின் என்ன சொன்னது தெரியுமா? நான் சொன்ன எண்படி, நோட்டில் செலினியம் உண்டு என்ற தொட்டியில் உண்டு, இல்லை என்றதில் இல்லை. முப்பத்தொன்பது சரி. பதினேழு மட்டும், தண்ணீரும் குறைவு, செலினியமும் கிடையாது என்று நோட்டில் இருப்பது, அதில் செலினியம் இருக்கிறது! "காரணம் தெரிஞ்சா அதை மட்டும் விலக்கிடலாம். தெரியலைன்னா நாற்பதும் வீண்" என்றுவிட்டார். பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாள்.

ஆகையால், "பதினேழாம் தொட்டிக்குத் தெரியாமல் ஊற்றியது நான்தான்" என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. துணி காயப்போடுகிறேன் என்று மூன்று முறை மாடி ஏறினாய். மூன்றாம் முறை உன் கையில் துணி இல்லை.

உன் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கும் உண்டு, கையெழுத்து வந்து சேர்ந்த பிறகு.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: எனக்கு மறதி கிடையாது என்பது உனக்குத் தெரியும். உன்னிடம் மறைப்பானேன், ஊற்றியது நான்தான். இலை துவண்டு கிடந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. கைக்கு எட்டிய குவளையில் இருந்ததை ஊற்றினேன், அது செலினியத் தண்ணீர். எழுதும்போது வாய்விட்டுப் படிப்பது என் வழக்கமாயிற்றே, பேத்தி பின்னால் நின்று அத்தனையும் கேட்டுவிட்டாள்.

"முதல்லயே ஏன் பாட்டி சொல்லலை?"

"சொன்னா மத்த முப்பத்தொன்பதையும் அந்த மனுஷன் நம்புவாரா?"

அவள் கேட்கவில்லை, பேராசிரியரிடம் போனில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். தப்பை ஒத்துக்கொள்கிற ஞாபகம்தான் நம்பகமானது என்று அந்த ஒரு தொட்டியை மட்டும் விலக்கச் சொல்லிவிட்டார். பிள்ளை இப்போதுதான் சாப்பிடுகிறாள். நீ ஒன்றும் எழுத வேண்டாம். ஆனால் இவ்வளவு பாடுபட்டு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. எனக்குத் தெரியாமல் நீ வேறு ஏதாவது செய்திருப்பாய், அதற்கு இதை வைத்துக்கொள்.