நானூற்று முப்பது புத்தகமும் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பத்துக்குத் திருமலை ஒரு சபதம் எடுத்தார். இனி இந்த வீட்டில் ஒருவரும் புத்தகம் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. கேட்டால் கிடைக்க வேண்டும். கிடைத்ததும் கிளம்ப வேண்டும். கிளம்பியதும் அவர் தூங்க வேண்டும்.

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். வாரத்தில் ஆறு நாள் ஷிப்டு. ஏழாம் நாள் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரத் தூக்கம். கடவுளிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான். கடவுளும் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். குறுக்கே நின்றது மனைவி இசைவாணி.

இசைவாணி வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்து நூலகர். அங்கே இருக்கும் புத்தகம் போதாதென்று பென்னலூர் வீட்டு ஹாலிலும் நானூற்று முப்பது புத்தகம் வைத்திருந்தாள். ஞாயிறு ஆனால் தெருப் பெண்கள் வந்து எடுத்துப்போவார்கள். எடுத்துப்போனால் பரவாயில்லையே. எது எங்கே இருக்கிறது என்பது இசைவாணியின் தலைக்குள் மட்டும் இருந்ததால், ஒவ்வொரு புத்தகமும் ஒரு விசாரணைக்குப் பிறகுதான் வெளியே வரும்.

"ஏக்கா, அந்தப் பச்சை அட்டை புக்கு இருக்கா? மேல மயிலு போட்டிருக்குமே?" இது எதிர்வீட்டுப் பாண்டிச்செல்வி. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து செல்போன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவள்.

"மயிலா, கிளியா?"

"ரெக்கை இருந்துச்சுக்கா."

"கதையா, சமையலா?"

"அதுல கோழிக் குழம்பு வரும்."

"கதையிலயும் கோழிக் குழம்பு வரும்மா."

பேச்சு அங்கிருந்து கிளம்பிப் பாண்டிச்செல்வியின் நாத்தனார் வளைகாப்பு வரை போய், வளையல் எண்ணிக்கையில் ஒரு சண்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பும். உள்ளறையில் திருமலை தலையணையைக் காதுமேல் அமுக்கிக்கொண்டு கிடப்பார். அன்றைக்குப் பொறுக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டார்.

"வாணி, என் ஸ்டோர்ஸ்ல பதினோராயிரம் பார்ட்டு கீது. ஒரு போல்ட்டு கேட்டா நாப்பது செகண்டுல கைக்கு வரும். எப்டி? ஒவ்வொண்ணுக்கும் அட்ரஸு. எந்த ராக்கு, எந்தத் தட்டு, எத்தனாவது டப்பா. உன் புக்குக்கும் அதே மாதிரி ஒட்டிடறேன்."

"லைப்ரரில இடத்துக்கு நம்பர் போட மாட்டாங்கங்க. எதைப் பத்தின புக்கோ அதுக்குத்தான்..."

"எதைப் பத்தினதா இருந்தா எனக்கின்னா? எங்க கீதுன்னு தெரிஞ்சா போதாதா?"

"போதும்," என்றாள் இசைவாணி. "ஒட்டுங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் உடனே சரி என்று சொன்ன எதுவும் அவருக்கு நல்லபடியாக முடிந்ததில்லை. தூக்கக் கலக்கத்தில் இது அவர் புத்தியில் உறைக்கவில்லை.

ஒரு வாரம் ஓ.டி.யைக்கூட விட்டுவிட்டு ஒட்டினார். ஏ-2-14 என்றால் ஏ அலமாரி, இரண்டாம் தட்டு, பதினாலாவது புத்தகம். பட்டியலை அச்சடித்துச் சுவரில் மாட்டினார். அடுத்த ஞாயிறு பாண்டிச்செல்வி வந்தாள், பட்டியலைப் பார்த்தாள், மயில் புத்தகத்தை எடுத்தாள், இரண்டே நிமிஷத்தில் போய்விட்டாள். திருமலை ஐந்தரை வரை தூங்கினார். திங்கட்கிழமை ஸ்டோர்சில் எல்லோரிடமும் இதைச் சொன்னார்.

அதற்கடுத்த ஞாயிறு இசைவாணி கையில் ஒரு புதுப் புத்தகத்தோடு கட்டில் அருகில் வந்து நின்றாள்.

"ஏங்க, கேழ்வரகு சமையல் ஒண்ணு வந்திருக்கு. எங்க வைக்கறது?"

"சமையல் பி-3தானே. அங்க வை."

"அங்க ஒண்ணுலேர்ந்து இருபத்திரண்டு வரைக்கும் அடைச்சிக்கினு இருக்கு. நடுவுல சொருகினா அதுக்கப்புறம் இருக்கற நம்பரெல்லாம் தப்பாயிடுமே."

"அப்ப கடைசில வையேன். டி-5."

கேழ்வரகு டி-5க்குப் போனது. அங்கே பேய்க் கதைகள் இருந்தன. மறுவாரம் நான்கு புத்தகம் வந்தது. அதற்கு மறுவாரம் ஆறு. திருமலை உறுதியான மனிதர். இருந்ததையெல்லாம் தள்ளித் தள்ளி வைத்து, பட்டணத்துத் தெருக் கதவுகளில் இருப்பதுபோலப் பழைய எண் 7, புதிய எண் 11 என்று ஒட்டினார். சிலதுக்குப் புதிய எண்ணும் பழசாகிவிட்டது.

"அண்ணே," என்று ஹாலிலிருந்து பாண்டிச்செல்வி கூப்பிட்டாள். "சமையலை எங்கனதான் வச்சிருக்கீக? பாதி இங்கன இருக்கு, பாதி பேயோட இருக்கு."

"வாணியக் கேளும்மா."

"எனக்கு இன்னா தெரியும்?" இசைவாணி சோபாவில் காலை நீட்டி ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். "அண்ணன்தான் ஒட்டினாரு. அண்ணனையே கேளு."

அன்றைக்கு அவர் பதினேழு தடவை எழுந்தார். பதினெட்டாவது தடவை படுக்கவே இல்லை. நேராக மனைவியிடம் போனார்.

"சரி. உன் நம்பரு இன்னா, அதைச் சொல்லு."

"எல்லா லைப்ரரிலயும் சமையல்னா 641.5. எத்தனை சமையல் புக்கு வந்தாலும் எல்லாத்துக்கும் அதேதான். புதுசு வந்தா சொந்தக்காரங்க பக்கத்துல உக்காந்துக்கும். அலமாரியைத் தூக்கி மொட்டை மாடில வச்சாலும் நம்பர் மாறாது."

"இதை மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"ஆரம்பிச்சேன். நீங்கதான் எனக்கின்னான்னு கேட்டீங்க."

அவருக்கு ஆத்திரம் வந்தது. தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழைய லேபிள்மேல் எண்ணெய் தடவி, பிசினை ஊறவைத்து, நகத்தால் சுரண்டி, துடைத்து, புது லேபிளைப் புத்தகத்தின் முதுகில் அடியிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு நேராக ஒட்ட வேண்டும். நேராக இல்லையென்றால் இசைவாணி உரித்துவிடுவாள். மூன்று ஞாயிறு போயிற்று. விரல் நுனி போயிற்று. கனவில்கூட 641.5 வந்தது.

ஆடி மாதத்து இரண்டாம் ஞாயிறு வேலை முடிந்திருந்தது. பெண்கள் வந்தார்கள், முதுகைப் பார்த்தார்கள், எடுத்தார்கள், போனார்கள். புதிதாக வந்த ஊறுகாய்ப் புத்தகம் ஒருவரையும் நகரச் சொல்லாமல் தன் கூட்டத்தோடு உட்கார்ந்துகொண்டது. வீடு அமைதியாக இருந்தது. திருமலை சந்தோஷமாக உள்ளறைக்குப் போனார். படுத்து, போர்த்தி, கண்ணை மூடினார்.

"எழுந்திரிங்க."

இசைவாணி வெளியே போகும் புடவையில் நின்றிருந்தாள். கையில் வண்டிச் சாவி. இன்னொரு கையில் எண்ணெய்க் கிண்ணம்.

"எங்க?"

"எங்க ஸ்கூலுக்கு. லேபிளெல்லாம் பூச்சி அரிச்சுக் கிடக்கு. மூணு வருஷமா ஆளு தேடிக்கினு இருக்கேன்."

"ஊர்ல வேற ஆளே கிடைக்கலயா?"

"ரெண்டு பேரு வந்தாங்க. கோணையா ஒட்டிட்டுப் போயிட்டாங்க. ஒரு தரம் தப்பா ஒட்டி, சுரண்டி, திரும்ப ஒட்டின கைதான் நேரா ஒட்டும். அந்த மாதிரி கையை எங்க போய்த் தேடறது? அதான் வூட்லயே ஒண்ணு பழக்கிட்டேன்."

திருமலை மெல்ல எழுந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவள் சட்டென்று சரி என்றது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. "எத்தினி புக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டாயிரத்து நானூறுதான். ஞாயித்துக்கு நூறுன்னு ஒட்டினா பொங்கலுக்கு நீங்க தூங்கலாம்."