எண்பத்து மூன்று பாகையில் மாப்பிள்ளை பார்த்த கதை

ஒருவன் 'இதை நான் மிகவும் பாதுகாப்பாகச் செய்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே ஒரு வேலையைத் தொடங்கினால், பக்கத்தில் நிற்பவர்கள் வீட்டைவிட்டு வெளியே போய் நிற்பது நல்லது. அனுபவத்தில் சொல்கிறேன். இருபத்தாறு வயதில், பெண் வீட்டார் என்னைப் பார்க்க வந்த அன்று, மிகமிகப் பாதுகாப்பான முறையில் ஒரு வேலை பார்த்து, கல்முனைக்குடியில் ஒரு தெருவையே வெளியே ஓட வைத்தவன் நான்.

சுனாமி வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கடற்கரையில் இருந்த எங்கள் வீட்டில் அத்திவாரம் மட்டும்தான் மிச்சம். கடலுக்குக் கொஞ்சம் எட்டக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றுக்கு வந்திருந்தோம். ஒரு வீட்டில் தேங்காய் துருவினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். வடக்கில் யுத்தம் முற்றியிருந்தது. எங்கள் சந்தியில் மணல் மூட்டை அடுக்கிய காவலரண் ஒன்று இருந்தது. வாப்பாவுக்குப் பசாரில் புடவைக்கடை. நான் தனியார் வகுப்பொன்றில் கம்பியூட்டர் படிப்பித்தேன். ஊரில் எனக்கு 'கம்பியூட்டர் மாஸ்டர்' என்று பெயர். (அந்தப் பெயருக்கு நான் செய்த துரோகம்தான் இந்தக் கதை.)

கட்டாரில் வேலை செய்த மச்சான், அதாவது ராத்தா என்று நான் கூப்பிடும் அக்காவின் புருஷன், விடுமுறையில் வந்தபோது, கம்பியூட்டரில் விளையாட்டுப் படங்களை வேகமாக ஓட்டுகிற கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்றை எனக்குக் கொண்டுவந்தார். குளிக்கிற துவாய் இரண்டில் சுற்றி, பால்மாப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். செங்கல்லைவிட நீளம், நல்ல கனம், வயிற்றில் ஒரு விசிறி. கல்முனைக்கு இப்படியொன்று இதற்கு முன் வந்ததே இல்லை என்று நான் சொன்னேன். மறுத்துப் பேச யாருக்கும் விசயம் தெரியாததால் அதுவே உண்மையாகிவிட்டது.

அதை என் பழைய கம்பியூட்டருக்குள் பூட்டி, கார் ஓட்டப் பந்தய விளையாட்டொன்றைப் போட்டேன். தண்ணீர் மாதிரி ஓடியது. மனிதன் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நெட் கஃபே வைத்திருந்த என் கூட்டாளி நௌபர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "இத இன்னும் வேகமாக்கலாமாம்டா. ஓவர்குளொக் எண்டு சொல்றாங்க. ஆனா அது குளிர் நாட்டுக்காரன்ட வேல. எங்கட வெக்கைக்குச் சரிவராது, கருகிப் போகும்" என்றான்.

'சரிவராது' என்ற சொல் என் காதில் விழுந்தால், அந்தக் காலத்தில் எனக்கு வேறெதுவும் கேட்காது.

விசயம் இதுதான். கம்பனிக்காரன் கார்டுக்கு ஒரு வேகம் வைத்து அனுப்புவான். அதற்கு மேலேயும் அதால் கொஞ்சம் ஓட முடியும். அந்தக் கொஞ்சத்தை நாமே ஏற்றிக்கொள்வதுதான் ஓவர்குளொக். ஒரேயடியாக ஏற்றினால் சூடேறிப் போய்ச் சேர்ந்துவிடும். எனவே பத்துப் பத்தாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் கார்டைக் கடுமையாக ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும். சூட்டை எழுதி வைக்க வேண்டும். திரையில் நிறப் புள்ளிகள் பொரிந்தால் ஒரு படி இறங்க வேண்டும். இதையெல்லாம் இணையத்தில் தேடிப் பதினொரு பக்கம் அச்செடுத்தேன். கொப்பி ஒன்றில் கோடு போட்டு நேரம், வேகம், சூடு என்று மூன்று நிரல் பிரித்தேன். கார்ட் கருகாமல் ஏறும் என்று அந்த நௌபருக்குக் காட்டாவிட்டால் நான் வாப்பாவின் மகன் இல்லை.

ஒரு வாரத்தில் ஐந்து படி ஏறிவிட்டேன். கடைசிப் படிக்கு ஒரு மணித்தியாலம் இடைவிடாத சோதனை வேண்டும். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து. அதற்கு நான் தெரிந்தெடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு இறக்காமத்திலிருந்து பெண் வீட்டார் வருவதாக இருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். ஆகவே மாட்டைப் பார்ப்பதுபோல மாப்பிள்ளையைப் பார்க்கவும் அவர்கள்தான் வருவார்கள். மூன்று மணிக்குத் தொடங்கினால் நான்குக்கு முடிந்துவிடும், முகம் கழுவச் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஹோலில் இருந்த மேசை விசிறியைத் தூக்கி வந்து, கம்பியூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, நேரே காற்று அடிக்க வைத்தேன். மூன்றுக்குச் சோதனையைத் தொடங்கினேன்.

மூன்று பத்துக்கு வாசலில் வான் வந்து நின்றது.

வந்தவர்கள் இரண்டு பேர். பெண்ணின் வாப்பா அகமதுலெவ்வை, இறக்காமத்தில் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர். கூடவே அவருடைய தங்கை, பெண்ணுக்கு மாமி. "வெள்ளென வந்திட்டம், குறை நினைக்காதீங்க. ரோட்டு எப்ப மறிப்பாங்க எண்டு தெரியாதே" என்றபடி உட்கார்ந்தார்கள். உம்மா விசிறியைப் போடத் திரும்பினார். விசிறி இல்லை. என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

இந்த இடத்தில் எந்தப் புத்தியுள்ளவனும் உள்ளே போய்ச் சோதனையை நிறுத்தியிருப்பான். நான் நிறுத்தவில்லை. இன்னும் ஐம்பது நிமிடந்தானே என்று பல்லைக் கடித்தேன். ஐந்து நிமிடத்துக்கொரு தடவை எழும்பி அறைக்குள் போய், சூட்டைப் பார்த்து, கொப்பியில் எழுதி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மூன்றாம் தடவை நான் எழும்பியபோது, மாமி உம்மாவின் காதில் கேட்டது எனக்கே கேட்டது.

"மாப்பிளைக்கு வயிறு சரியில்லையா?"

"இல்ல புள்ள, அது... கொஞ்சம் வெட்கம்" என்றார் உம்மா.

திரும்பி வந்தேன். சூடு எண்பத்தொன்றிலிருந்து எண்பத்து மூன்று பாகைக்கு ஏறியிருந்தது. எண்பத்தைந்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும் என்பது நானே எழுதி வைத்த சட்டம். மனதுக்குள் எண்பத்து மூன்று, எண்பத்து மூன்று என்று ஓதிக்கொண்டிருந்தேன். அகமதுலெவ்வை என் பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்கு இப்ப எத்தின வயசு மகன்?"

"எண்பத்தி மூணு."

வாப்பா இருமினார். அகமதுலெவ்வை அவசரப்படாமல் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். "மாஷா அல்லாஹ், நல்ல உடம்புக்கட்டு" என்றார்.

உம்மா தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பத்தைக் கொண்டுவந்து வைத்தார். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. சூடு எண்பத்து மூன்றிலேயே நின்றுவிட்டதைக் கடைசியாகப் பார்த்திருந்தேன். திரையில் ஒரு புள்ளிகூட இல்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்து முதன்முறையாக நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

டமார்!

அறைக்குள் நீல வெளிச்சம் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வீடு முழுக்கக் கரண்ட் போனது. அதே நொடியில், கரண்ட் போனால் தாங்குவதற்காகக் கம்பியூட்டரோடு பூட்டியிருந்த பெட்டரிப் பெட்டி 'கீஈஈ' என்று நிற்காமல் கத்தத் தொடங்கியது.

அந்தக் காலத்து எங்கள் ஊர் உடம்புகளுக்கு இரண்டு பாடம் மனப்பாடம். குண்டென்றால் படுக்க வேண்டும். கடலென்றால் ஓட வேண்டும். வெடியும் கத்தலும் ஒன்றாய் வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. வாப்பா தரையில் குப்புற விழுந்தார், வட்டிலப்பத் தட்டோடு. உம்மா "கடல்! கடல் வருது!" என்று கத்தியபடி, கதவுக்குப் பின்னால் எப்போதும் தொங்குகிற பத்திரப் பையையும் மாமியின் கையையும் ஒன்றாய்ப் பிடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தார். அகமதுலெவ்வை படுக்கவுமில்லை, ஓடவுமில்லை. எழும்பி நின்று யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"யானை வந்திட்டா?" என்று கேட்டார்.

இறக்காமத்தில் வெடிச்சத்தம் கேட்டால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: வயலுக்குள் யானை இறங்கிவிட்டது, விரட்ட வெடி போடுகிறார்கள்.

நான் சிரிக்கவில்லை. வாசலுக்கு ஓடினேன். வரிசை வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் சனம் இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், அழுதுகொண்டு. நான்கு வருடத்துக்கு முந்தைய அந்த முகங்களை நான் திரும்பவும் பார்த்தேன். இந்தமுறை அதற்குக் காரணம் நான். உம்மாவின் சீலைத் தலைப்பு தெரு முனையில் தெரிந்தது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"உம்மா! கடலில்லம்மா, கம்பியூட்டர்! கம்பியூட்டர் வெடிச்ச!"

முக்கால் தெரு ஓடித்தான் பிடித்தேன். உம்மா என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். காயமில்லை என்று கண்ட பிறகு, அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தில் ஒன்று வைத்தார். மாமி மூச்சு வாங்கியபடி, "நல்லா வைங்க மதினி" என்றார்.

வீட்டுக்குத் திரும்பினால், காவலரணிலிருந்து இரண்டு படையினர் வந்து நின்றார்கள். அறைக்குள் புகை நாற்றம். தகடு கழற்றிய பெட்டி. தொங்கும் வயர்கள். கருகிக் கறுத்த ஓர் இரும்புப் பெட்டி. அந்த நாட்களில் வீட்டில் இருக்கவே கூடாத குண்டு ஒன்றை நானே பூட்டி வைத்ததுபோல இருந்தது. மூத்தவர் என் கொப்பியைக் கையில் எடுத்தார். பக்கம் பக்கமாக நேரமும் எண்களும். 3.15, 670, 79. 3.20, 670, 81. அவர் முகம் மாறியதைக் கண்டேன். எனக்கோ சிங்களத்தில் 'ஐயா', 'இல்லை', 'விளையாட்டு' என்ற மூன்று சொல்லுக்கு மேல் வராது. அந்த மூன்றையும் எல்லா ஒழுங்கிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். கொப்பியோடும் கருகிய பெட்டியோடும் என்னைக் காவலரணுக்கு நடக்கச் சொன்னார்கள்.

வாப்பா தரையைவிட்டு எழும்பவில்லை. சட்டையெல்லாம் வட்டிலப்பம், உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. கூட நடந்து வந்தவர் அகமதுலெவ்வை.

அம்பாறை நெல் ஆலைகளோடு முப்பது வருடம் கொடுக்கல் வாங்கல் செய்த மனிதர். சிங்களம் அவருக்கு வாய்க்கால் தண்ணீர். மணல் மூட்டைக்கு முன்னால் நின்று, ஒரு அவசரமும் இல்லாமல் கதைக்கத் தொடங்கினார். நடுவில் மூத்தவர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். அகமதுலெவ்வை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு சொல் சொன்னார். அதற்குப் பிறகு பேச்சின் சூடு இறங்கியது. இளையவர் எங்கள் வீட்டுக்குப் போய், கார்டையும் விளையாட்டு வந்த பெட்டியையும் எடுத்து வந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளையாட்டின் பெட்டி அட்டையில் இருந்த காரைக் கண்டதும் சிரித்துவிட்டார். கொப்பி என் கைக்குத் திரும்பி வந்தது.

திரும்பி நடக்கும்போது கேட்டேன். "என்னத்தச் சொன்னீங்க?"

"ஆருடா இவன் எண்டு கேட்டாரு. பக்கத்து ஊர்ப் பொடியன், இண்டைக்குத்தான் மாப்பிளை பார்க்க வந்த எண்டா நம்புவாங்களா? எண்ட மருமகன் எண்டு சொன்னன்."

"அப்ப..." என்றேன்.

"அப்ப எண்டு ஒண்டுமில்ல. முதல்ல வீட்ட போய் அந்தக் கீ எண்டு கத்துறத நிப்பாட்டுங்க."

மூன்று நாள் எங்கள் வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இந்தச் சம்பந்தம் முடிந்த கதை என்று உம்மா தீர்மானித்திருந்தார். நான்காம் நாள் மாமியிடமிருந்து போன் வந்தது. பெண், ஸிஹானா, ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருந்தாள்.

"புள்ள கேக்குது, கார்ட்ட ஏத்தின ஆள், அதுக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டி தாங்குமா எண்டு முதல்ல பார்த்தாராமா?"

அவள் சம்மாந்துறையில் கம்பியூட்டர் திருத்தப் படித்தவள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. ஓடிப்போய் அந்தப் பதினொரு பக்கங்களையும் புரட்டினேன். முதல் பக்கத்தின் தலைப்பு: 'தொடங்குவதற்கு முன்'. எல்லாப் புத்தகத்தின் முன்னுரையையும்போல அதையும் நான் வாசிக்காமல் தாண்டியிருந்தேன். உங்கள் பவர் சப்ளை இந்தச் சுமையைத் தாங்குமா என்று உறுதிசெய்யுங்கள், மலிவானது என்றால் இத்தோடு நிறுத்துங்கள் என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. ஒரு வாரமாகக் கார்டின் காய்ச்சலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரடைப்பு வந்தது பக்கத்துப் பெட்டிக்கு. கார்டுக்கு ஒரு கீறலும் இல்லை.

"பார்க்கல்ல எண்டு சொல்லுங்க" என்றேன். மறுமுனையில் யாரோ சிரிப்பது கேட்டது. மாமியின் சிரிப்பு அல்ல அது.

யுத்தம் முடிந்த வருடம் எங்கள் நிக்காஹ் நடந்தது. வழக்கப்படி நான் இறக்காமத்துக்குக் குடிபோனேன், உடுப்புப் பெட்டியோடும் கிராஃபிக்ஸ் கார்டோடும். நல்ல பவர் சப்ளை ஒன்றைத் தெரிந்து பூட்டியவள் ஸிஹானா. அவளே பக்கத்தில் இருந்து, முதல் பக்கத்தை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டி, படிப்படியாக ஏற்ற வைத்தாள். கடைசிப் படியும் ஒரு மணித்தியாலம் தாண்டி நின்றது. நௌபரைக் கல்முனையிலிருந்து வரவழைத்துக் காட்டினேன். இத்தனை பாடுபட்டு விளையாட்டு எவ்வளவு வேகமாகியிருக்கிறது என்று கேட்டான். கண்ணால் பார்த்தால் தெரியாது, எண்ணில்தான் தெரியும் என்றேன். அவன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். (நான் சொன்னதைச் செய்தேன். அது போதும்.)

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது சம்பந்தம் பேசினால், மாமா அகமதுலெவ்வைக்குப் பக்கத்தில் இடம் பிடித்துச் சனம் உட்காரும். அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, புது ஆட்களுக்கு என்னைக் கைகாட்டிச் சொல்வார்:

"எண்ட வாழ்க்கையில ஒரேயொரு பொய்தான் சொல்லியிரிக்கன். அத உண்மையாக்கிறதுக்கு ஒரு மகளையே குடுக்க வேண்டியதாப் போச்சு."