தொழிற்சாலைக் கூரையில் ஓர் ஆந்தை

மொன்றியல்,
வைகாசி 14

அன்புள்ள தங்கை சீதேவிக்கு,

அண்ணன் யோகராசா எழுதிக்கொள்வது. ஸ்காபரோவில் நீயும் மச்சானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். என் நலத்துக்கும் பெரிய குறையில்லை, முழங்கால் மட்டும் என் சொல்லைக் கேட்பதில்லை. தொலைபேசியில் சொன்னால் நீ அழத் தொடங்குவாய், நான் "சரி, பேந்து எடுக்கிறன்" என்று வைத்துவிடுவேன். ஆகவே எழுத்தில் தெரிவிக்கிறேன்.

உன் அண்ணி சிவநேசம் போய் ஒன்றரை வருடமாகிறது. மருந்துத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் பெட்டி கட்டிய நான் தை மாதம் ஓய்வு பெற்றதும், கல்கரியில் இருக்கும் மகள் றொஷினி, "அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ, வெளியிலை போய்ப் பறவையள், மிருகங்களைப் படம் எடுங்கோ" என்று ஒரு கமெராவை அனுப்பிவைத்தாள். சென்ட் லோரன்டில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு சதுப்புநிலம் இருக்கிறது. பஸ் எடுத்து அங்கே போனேன். முதல் நாள் நாற்பது படம் எடுத்தேன், நாற்பதும் கறுப்பு. லென்ஸ் மூடி கழற்றவில்லை. அடுத்த நாள் ஒரு கொக்கு நின்றது, நான் கமெராவைத் தூக்கி ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணைத் திறக்க அது எழும்பிட்டுது, கிடைச்சது ஒரு கால் மட்டும். மூண்டாம் நாள் புல்லுக்குள்ளை ஏதோ அசையுது எண்டு மூச்சைப் பிடிச்சுக்கொண்டு குந்தியிருக்க, பின்னாலை ஒரு அணில் என்ரை பாணையும் சம்பலையும் திண்டு முடிச்சிட்டுது. உறைப்பு அதுக்கு ஒரு பிரச்சினையாத் தெரியேல்லை. அதையாவது படம் எடுத்திருக்கலாம், எனக்கு மூளை ஓடேல்லை.

நாலாம் நாள்தான் அந்த ஆந்தையைக் கண்டன். சதுப்புக்கு எதிரை ஒரு தொழிற்சாலைக் கூரையின்ரை விளிம்பிலை இருந்துது. நான் கிட்டப் போனன், பறக்கேல்லை. இருமினன், பறக்கேல்லை. நேரை என்னையே பார்த்துக்கொண்டு இருந்துது. உண்மையைச் சொன்னால் தங்கச்சி, என்னை ஒருத்தர் அவ்வளவு நேரம் பார்த்து எவ்வளவோ நாளாச்சு. மூண்டு நாள் தொடர்ந்து போனன். இருநூற்றிப் பன்ரெண்டு படம். சும்மா எடுக்கிறது மரியாதையில்லை எண்டு கதையும் குடுத்தன். முழங்கால் நோவைச் சொன்னன், இன்னும் ரெண்டு பேருக்கு அரிசி போடுறதைச் சொன்னன். வேறை ஆருக்கும் அதைச் சொல்லேல்லை. றொஷினிக்குப் படம் அனுப்ப, அவள் தன்ரை வேலையிடத்திலை எல்லாருக்கும் காட்டி, "அப்பா, எவ்வளவு கூர்மையா வந்திருக்கு" எண்டு எழுதினாள்.

ஆந்தையைப் பார்க்கப் போன ரெண்டாம் நாள், பறவை பார்க்க வாற றொபேர் எண்ட ஒரு வயசான மனிசன், பிரெஞ்சு மட்டும் கதைக்கிறவர், எனக்குக் கிட்ட வந்து ஆந்தையைக் காட்டி "பிளாஸ்ரிக், பிளாஸ்ரிக்" எண்டவர். நான் கீழை கிடந்த என்ரை சாப்பாட்டுப் பையைத்தான் சொல்லுறார் எண்டு அதைச் சுருட்டிப் பொக்கற்றுக்குள்ளை வைச்சு, மெர்சி எண்டும் சொன்னன். மூண்டாம் நாள் ஒரு வேலையாள் கூரைக்கு ஏறி வந்தான். ஆந்தையைத் தூக்கிக் கமக்கட்டுக்குள்ளை வைச்சான், துணியாலை மூஞ்சையைத் துடைச்சான், பிறகு மற்றப்பக்கம் பார்க்க வைச்சிட்டுப் போட்டான். புறா கலைக்கிற பொம்மை.

நான் லென்ஸ் மூடியைப் போட்டிட்டுக் கீழை இருந்திட்டன். றொபேர் வந்து பக்கத்திலை இருந்தார். சிரிக்கேல்லை. தன்ரை பிளாஸ்கிலை இருந்து கோப்பி வார்த்துத் தந்தார், போன் நம்பரைக் கேட்டு எழுதினார். எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு பெட்டி கட்டத்தான் காணும், வேறை ஒண்டுக்கும் போதாது, அதாலை ரெண்டு பேரும் கதைக்காமல் குடிச்சு முடிச்சம்.

ஆகவே அண்ணி போன நாளிலை இருந்து நீ கேட்கிறதுக்கு ஓம் எண்டு சொல்லுறன். மாத முடிவிலை இந்த வீட்டை விட்டிட்டு உன்னட்டை வாறன். கமெராவை மேல்வீட்டு டினோஜனுக்குக் குடுத்திடுறன். உங்கடை மேலறையை எனக்கு ஒழிச்சு வை. ஒரு கட்டில் காணும்.

மச்சானுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், என்னோடை தமிழிலை கதைக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் கூட.

இப்படிக்கு,
உன் அண்ணன்
யோகராசா

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகேக்கை போனிலை ஒரு குரல் பதிவு வந்து கிடந்துது. றொபேர். சனிக்கிழமை, காலமை ஆறு மணி, கோப்பி தான் கொண்டுவாறாராம். ஏதோ ஒரு மிருகத்தின்ரை பேரும் சொல்லுறார், அது என்னெண்டு தெரியேல்லை, போய்ப் பார்த்தால் தெரியும். நீ அறையை ஒழிக்காதை. பதிவை நாலு தரம் போட்டுக் கேட்டனான். ரெண்டாந்தரமே விளங்கிட்டுது.