கேட்டபாலிசம் உண்ணாவிரதம் இருந்த கதை

திருவொற்றியூர் தொடங்கி எண்ணூர் வரைக்கும் அத்தனை ஆலைகளிலும் சல்லடை போட்டுச் சலித்திருந்தாலும் கேட்டபாலிசத்தைப் போல இன்னொரு ஆள் கிடைத்திருக்க மாட்டார். பந்தயமே கட்டுவேன்.

சொந்தப் பெயர் என்னவோ, யாருக்கு ஞாபகம்! எங்கள் ஆலையின் லேபில் உதவியாளர். பி.யு.சி.யில் படித்த அந்த ஒரு வார்த்தை மேல் மனிதருக்கு அப்படியொரு காதல். உடம்பு பெரிய சரக்கைச் சின்னச் சின்னதாக உடைத்துத் தெம்பு எடுத்துக்கொள்கிறதே, அந்த வேலைக்குப் பேர் கேட்டபாலிசம். தமிழில் சிதைமாற்றம். கேன்டீனில் எவனாவது ஏப்பம் விட்டு, "இன்னா நைனா, கேட்டபாலிசம் ஆயிடுச்சு" என்றால் போச்சு.

"டேய் கஸ்மாலம், அது ஜீரணம்டா! கொடல்ல நடக்கறது. கேட்டபாலிசம் அதுக்கப்பால, ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நடக்குது. வார்த்தைய கலீஜ் பண்ணாத!"

அப்போதுதான் வெல்டர் துரையை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆட்டம் கண்ட சாரத்தில் ஏற மாட்டேன் என்றான், அவ்வளவுதான் குற்றம். வீட்டில் கைக்குழந்தை வேறு. அவனைத் திரும்ப எடுக்கும்வரை ஆலை கேட்டில் உண்ணாவிரதம் என்று யூனியன் முடிவு செய்தது. யார் உட்காருவது? எல்லாரும் நோஞ்சான்கள். கேட்டபாலிசம் தொப்பையைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"நான் குந்தறேன். சோறு நின்னா மொதல்ல ஈரல்ல கீற சக்கர கரையும். அப்பால கொயுப்பு. என்கிட்ட கொயுப்பு ஜாஸ்தி."

"அது பேட்டைக்கே தெரியும் நைனா!" என்றான் ஒருவன்.

பந்தலில் உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? மைக்கைப் பிடித்து, வஞ்சிரம் வறுவல் வயிற்றுக்குள் போனால் என்னென்ன ஆகும் என்று பாடம் நடத்தினார். துணைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவி டிபன் கடையில் தஞ்சம் புகுந்தார்கள். "யோவ், துன்னுட்டு வந்தவனுக்கே பசிக்குதுய்யா!" என்று யூனியன் தலைவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

நாளாக ஆகச் சட்டை தொளதொளத்தது. பார்க்க வந்த டாக்டர், "கொழுப்போடு சதையும் சேர்ந்து கரையுது. இதயமும் சதைதான், ஞாபகம் வச்சுக்கோ. எழுந்திரு" என்றார்.

கேட்டபாலிசம் துண்டை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார். "இன்னும் ஸ்டாக் கீது சார்."

துரை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். "எனக்கு வேலையும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். எய்ந்திரு நைனா!"

"நீ வேலையில இல்லாத ஆளு. யூனியன் மேட்டர்ல தலையிடாத!"

டாக்டர் சொன்னது ஷெட் ஷெட்டாகப் பரவியது. அந்த வார்த்தையை வைத்து வருஷக்கணக்காகக் கிண்டல் செய்தவர்கள் நாங்கள். அவர் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அத்தனை பேரும் மெஷினை நிறுத்திவிட்டு கேட்டுக்கு வந்துவிட்டோம். துரையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக மேனேஜரே வெளியே வந்து சொன்ன பிறகுதான் கலைந்தோம்.

துரை எலுமிச்சம்பழ ஜூஸைப் புகட்டி, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டான். "மெதுவாடா, தல சுத்துது!" என்று மேலேயிருந்து திட்டிக்கொண்டே வந்தார். பின்னால் நாங்கள் ஊர்வலமாக நடந்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நின்றிருந்த பஸ்ஸிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "யாருப்பா அது, பெரிய தலைவரா?" என்று கேட்டார்.

"எங்காளு சார்" என்றேன்.