பெரட்டுக்கு வராத விமானம்

பதுளையில் விமான நிலையம் கிடையாது. ஆனால் இந்த நாட்டிலேயே விமானங்களிடம் மிகக் கண்டிப்பாக நடந்துகொள்ளும் மனிதர் பதுளைக்குப் பக்கத்தில், ஸ்பிரிங்வெளியில்தான் இருக்கிறார். ஊரில் அவருக்குப் பெயர் பெரட்டு ஐயா.

முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். காலை ஆறரைக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. களத்தில் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று ஆட்களைப் பிரித்து அனுப்புவார். பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். காரணம் சொன்னால் இன்னும் வேகமாக அனுப்புவார்.

அவர் ஓய்வு பெற்றபின் மகள் மாலதி குவைத்துக்கு இரண்டு வருட வேலைக்குப் போவது முடிவானது. விமான நிலையத்துக்குப் போகும் ஏஜென்சி வேனில் அப்பாவுக்கு இடமில்லை. பிள்ளை போகும் விமானம் கிளம்புவதைத் திரையிலாவது பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று, பழைய கணினி ஒன்றில் விமான விளையாட்டைப் போட வைத்தார். போட்டுக்கொடுத்த பாவி நான். பதுளை பஜாரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன்.

அந்த விளையாட்டில் நாம் ஓட்டும் விமானம் போக, கணினி தானே ஓட்டும் விமானங்களும் உண்டு. எது, எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒரு பைலில் வரிவரியாக எழுதிவிட்டால் அவை பாட்டுக்கு வந்து போகும். ஐயாவுக்கு அந்தப் பைல் ஒன்றே போதும்; தினமும் ஆறரைக்குத் திரை முன்னால் உட்கார்ந்து அதை வைத்துப் பெரட்டு எடுப்பார். ஒருமுறை நீங்களும் ஓட்டிப் பாருங்களேன் என்றேன்.

“நான் ஏன் தம்பி ஓட்டணும்? கணக்கப்பிள்ளை கொழுந்து பறிப்பானா?”

ஒரு வாரம் கழித்துக் கடைக்குள் நுழைந்தவர், “தம்பி, இன்னைக்குப் பெரட்டுல பன்னெண்டு பேரு கொறையுது. சிங்கப்பூர் மலைக்கு அனுப்ப ஆளே இல்ல” என்றார். பக்கத்துத் துணிக்கடை நானா பதறிக்கொண்டு ஓடி வந்தார். “ஆரு தம்பி காணாமப் போன? பொலிசுக்குச் சொன்னீங்களா?”

பன்னிரண்டு பேரும் விமானங்கள் என்று நானாவுக்கு விளக்குவதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வைரஸ் என்று நினைத்துக் கணினியை முழுவதும் துடைத்து, எல்லாவற்றையும் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒன்பது பேர் குறைந்தார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மாலதி போகும் நாள் வந்தது. விமானம் காலை பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு ஐயா மடியில் கணினிப் பெட்டியோடு த்ரீவீலில் வந்து இறங்கினார்.

“புள்ள போற ப்ளேனைக் காணோம் தம்பி!”

பைலைத் திறந்தேன். மாலதி போகும் விமானத்தின் வரியே இல்லை.

“ஐயா, இதை யாரு அழிச்சது?”

“நான்தான். ஆறரைப் பெரட்டுக்கு ஒருத்தன் ஏழு மணிக்கு வந்தான். பேரை வெட்டித் திருப்பி அனுப்பிட்டேன். யாரு எவருன்னு பாக்குற பழக்கம் எனக்கில்ல.”

“அப்ப அந்தப் பன்னெண்டு பேரு?”

“அவனுகளும் லேட்டுதான்.”

வைரஸிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அதற்குள் ஐயாவுக்குத் தான் செய்தது உறைத்துவிட்டது. “ஐயோ, எம்புள்ள ப்ளேனை நானே வெரட்டிட்டேனே!” என்று கதிரையில் சாய்ந்தார். இது விளையாட்டுத்தான் ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் நிஜ விமானமே எனக்காகக் காத்து நிற்பதுபோல வியர்த்து வழிய அந்த வரியை அடித்தேன். ஒரு கமா விட்டுப்போய் விமானம் வரவில்லை. மறுபடி அடித்தேன். பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் வந்து நின்றது. பத்துக்குக் கிளம்பியது. நானா கையேந்தி துஆ கேட்டார். ஐயா திரையைக் கும்பிட்டார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. மாலதி.

“அப்பா, ப்ளேன் ஒரு மணித்தியாலம் லேட்டாம். இன்னும் கீழதான் இருக்கேன்.”

ஐயா திரையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ கீழயா இருக்க? அப்ப இதுல போறது யாரு?”

போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே என் பக்கம் திரும்பினார். “அவனைத் திரும்பக் கூப்பிடு தம்பி” என்றார். நேரத்தைப் பதினொன்று என்று மாற்றி எழுதினேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பெரட்டு ஐயா பிந்தியவனுக்காகக் காத்திருந்தார். பதினொரு மணிக்கு இரண்டும் கிளம்பின.

குவைத்தில் இறங்கும் விமானம் இரண்டு மணித்தியாலத்தில் திரும்பிவிடும் என்று அடுத்த வரியில் இருந்தது. ஐயா அதில் விரலை வைத்தார்.

“இதை எடுத்துரு தம்பி. ரெண்டு வருஷமும் அங்கயே நிக்கட்டும். புள்ளயத் திருப்பிக் கூட்டிட்டு வரணும்ல.”

எடுத்துவிட்டேன். அவரைக் கேலி செய்து இவ்வளவு எழுதிவிட்டேன். ஆனாலும் அவர் அந்தப் பெட்டியைத் தூசு தட்டக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும், குவைத்தில் அந்த விமானம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலையில் கை வைக்கிறேன்.