கவரிநாட்டு விளையாட்டுத் துறை வளர்ந்த விதம்

கவரிநாட்டில் மழை பொய்த்தாலும் சடுகுடு பொய்க்காது. பொழுது சாய்ந்தால் ஊருக்கு ஊர் பொட்டலில் ஆட்டம் தொடங்கிவிடும். மண் மெத்தென்று இருந்தது. ஆடுவதற்கு யாரும் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. இதுவே பின்னால் பெருங்குற்றமாகப் போயிற்று.

பக்கத்து நாட்டு விருந்துக்குப் போன கவரிநாட்டு மன்னரிடம் அந்நாட்டு வேந்தர், "எங்கள் விளையாட்டுத் துறை நாட்டு வருமானத்தில் நூற்றில் இரண்டு பங்கு. உங்களுடையது எவ்வளவு?" என்று கேட்டார். நம் மன்னருக்கு அதன்பின் பாயசம் இறங்கவில்லை. ஊர் திரும்பியதும் அளவை மந்திரி நல்லழகரை அழைத்து, அளந்து வரச் சொன்னார்.

நல்லழகர் நாடு முழுவதும் சுற்றி அளந்துவிட்டு வந்தார். "மாமன்னா, ஆடாத ஊர் இல்லை. ஆனால் துறையின் அளவு பூஜ்யம். கைமாறிய காசைத்தான் அளக்க முடியும். நம் மக்கள் சும்மா ஆடுகிறார்கள்."

"சும்மாவா?" என்று மன்னர் வருந்தினார்.

பொட்டல்களுக்கு வேலி வந்தது. உள்ளே போக ஒரு வெள்ளி. வேலி போட்டவர் மந்திரியின் மைத்துனர். அவருக்குக் கொடுத்த கூலியும் விளையாட்டுத் துறைக் கணக்கில் சேர்ந்தது. காசில்லை என்றவர்களிடம் காவலர்கள், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று சிரித்தார்கள்.

தும்பைக்குளத்தில் வேம்பரசி என்றொரு பெண் இருந்தாள். களை பறிக்கும் கூலிக்காரி. சடுகுடுவில் அவள் பிடித்த காலை யாராலும் உருவ முடியாது. பங்குனிப் போட்டியில் வெல்லும் அணிக்கு அரண்மனைக் காவற்படையில் வேலை கொடுப்பது அந்நாட்டு வழக்கம். அந்த வேலையை நம்பித்தான் அவள் வீடே இருந்தது. ஒரு வெள்ளி அவளுக்கு இரண்டு நாள் கூலி என்பதால், தன் அணியோடு ஊருக்கு வெளியே கல்லாங்காட்டுக்குப் பழகப் போனாள்.

வெளியே ஆடுவது 'அளவுக்கு அகப்படாத ஆட்டம்' என்று அடுத்த ஆணை வந்தது. அகப்பட்டால் தண்டம். தண்டமும் துறையில் சேர்ந்தது. ஒருநாள் காவலர் தலை தெரிந்ததும் பெண்கள் சிதறி ஓடினார்கள். வேம்பரசி பாறையில் விழுந்தாள். முழங்கால் நொறுங்கியது. வைத்தியருக்குக் கொடுக்க வீட்டிலிருந்த ஒரே பசுவை விற்றார்கள். சொல்லும்போதே வயிறு எரிகிறது. என்ன செய்வது, கதை இன்னும் இருக்கிறது.

"ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு ஆகும் செலவும் விளையாட்டுச் செலவே" என்று மூன்றாவது ஆணை போட்டார் நல்லழகர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்த ஆண்டு துறை நூற்றில் மூன்று பங்கைத் தொட்டது. கவரிநாட்டில் யாரும் நொண்டாமல் நடக்கவில்லை என்று பக்கத்து நாட்டார் சொன்னது பொறாமைப் பேச்சு என்று அரசவை முடிவு செய்தது.

மந்திரி மேளதாளத்தோடு தும்பைக்குளம் வந்து, கட்டிலில் கிடந்த வேம்பரசிக்குப் பொன்னாடை போர்த்தினார். "அம்மா, இவ்வூரில் துறையை அதிகம் வளர்த்தவர் நீங்கள்தான். உங்கள் முழங்கால் ஒன்றே அறுபது நுழைவுக் கட்டணத்துக்குச் சமம்."

"இந்தத் துணி எனக்கு வேணாங்க," என்றாள் வேம்பரசி. "அந்த வேலியப் பிரிச்சு விட்ருங்க. எங்கூட ஆடுன புள்ளைங்க மண்ணுல பழகட்டும். பங்குனியில அவளுங்களாச்சும் செயிச்சு வேலைக்குப் போவட்டும்."

மந்திரிக்கு உண்மையாகவே மனம் இளகியது. "மண்ணில் ஆடினால் யாருக்கும் அடிபடாதே, அம்மா. துறை மறுபடியும் பூஜ்யமாகிவிடும். நாடு தாங்குமா?"

கூட்டம் கைதட்டியது. தட்டச் சொல்லியிருந்தார்கள்.

வாசலைத் தாண்டும்போது, அடுத்த ஆண்டு இலக்கு என்ன என்று மந்திரி தம் உதவியாளரிடம் கேட்டார். இரட்டிப்பு என்றார் உதவியாளர். மந்திரி நின்றார். திரும்பி, வேம்பரசியின் மற்றொரு காலை வெகுநேரம் அன்போடு பார்த்தார்.