பின்னிணைப்பு நான்கு

நெடுவாய் ஆற்றுக்குத் தெற்கே தென்மருதம் என்று ஒரு நாடு இருந்தது. வடக்கே வடமருதம். அக்கரையில் இருப்பவர்கள் பகைவர்கள் என்று இரண்டு நாட்டுப் பள்ளிப் புத்தகங்களிலும் ஒரே வாக்கியம் இருந்தது.

தென்மருதத்தின் தலைநகரில் அயல் உறவு ஆய்வு மன்றம் இயங்கியது. அதன் நாற்பது அறிஞர்களில் ஒருவரும் ஆற்றைப் பார்த்ததில்லை. பார்த்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று விதி இருந்தது.

நாற்பத்தோராவதாகச் சேர்ந்தவள் நிறைமதி. அதற்கு முன் ஆற்று நீரின் அளவு குறிக்கும் வேலையில் இருந்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் அவளுக்கு வியர்த்துவிடும். ஆனால் ஒரு கேள்வி அவளை விடவில்லை. ஆற்றின் மற்றப் படித்துறைகளிலெல்லாம் இரு கரைக்காரர்களும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நாவல்துறை என்ற ஊரில் மட்டும் நாற்பது ஆண்டுகளாக ஒரு கல்கூட விழவில்லை. ஏன்? அளக்காமல் எழுத அவளுக்குத் தெரியாது. விதியை மீறி ஆற்றங்கரைக்குப் போனாள்.

நாவல்துறையில் பொன்னுருவி என்ற பால்காரி அவளுக்கு மோர் கொடுத்தாள்.

"இதுல என்ன தாயி ரகசியம்? வெள்ளத்துல எங்க மாடு அந்தாண்ட போயிடும். அவங்க மாடு இந்தாண்ட வரும். மூணு நாளு கட்டிப்போட்டுத் தீனி வைப்போம். தண்ணி வடிஞ்சதும் கழுத்துல வேப்பிலையக் கட்டி உச்சிவேளையில ஆத்துல எறக்கிவிடுவோம். அது பாட்டுக்கு நீந்திப் போயிடும்."

"காவலர்கள் பிடிக்க மாட்டாங்களாக்கா?"

"வேப்பிலை மாட்டத் தொடுவானா? அந்த நேரத்துல மழை வருமான்னு வானத்தப் பாத்துக்கிட்டு நிப்பான். அவன் வீட்லயும் மாடு இருக்குல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எழுதிக்கிறதுன்னா எழுதிக்க. எம் பேரப் போட்டுடாத."

"போடமாட்டேன்க்கா."

அப்படித்தான் எழுதினாள். மன்றத் தலைவர் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"பெயர், ஊர், நாள், வேளை இல்லாத உண்மையை உண்மையென்று ஏற்க மன்றத்துக்கு அதிகாரம் இல்லை, அம்மணி."

நிறைமதிக்கு அது நியாயமாகவே பட்டது. அளவு குறிப்பவள் குறித்த இடத்தையும் சொல்லத்தானே வேண்டும்? பெயர்களையும் வேளையையும் கடைசியில் பின்னிணைப்பு நான்கு என்று சேர்த்தாள். கடைசிப் பக்கம் வரை யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

அயல் உறவு அமைச்சர் பின்னிணைப்பு நான்கை மட்டும்தான் படித்தார்.

"நாற்பது ஆண்டுகளாக அரசருக்குத் தெரியாமல் இவர்கள் அமைதி நடத்தியிருக்கிறார்கள்!" என்றார். "அமைதி அரசரின் தனி உரிமை. அதை மாட்டின் கழுத்தில் கட்டி அனுப்ப இவர்கள் யார்?"

பின்னிணைப்பில் இருந்த பெயர்களோடு முதல் ஆணை முரசறைந்து அறிவிக்கப்பட்டது. ஆற்றைக் கடக்கும் மாடு தூதராகக் கருதப்படும். இரு அரசுகளும் கையெழுத்திட்ட பிறகே திருப்பி அனுப்பப்படும். இரு அரசுகளும் ஒன்றையொன்று அரசு என்று ஏற்பதில்லை. ஆகவே கையெழுத்து வரவில்லை. தூதர்கள் பட்டியில் நின்று எலும்பாகிச் செத்தார்கள்.

இரண்டாம் ஆணை, வேப்பிலையை அரசு முத்திரையாக்கியது. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியவர்கள் கள்ள முத்திரை வைத்த குற்றத்துக்குச் சிறை போனார்கள்.

மூன்றாம் ஆணையின்படி மன்றத்துக்கு ஆற்றங்கரையில் கிளை எழும்பியது. அதற்குக் கல் வேண்டியிருந்ததால் நாவல்துறையின் படிக்கட்டைப் பெயர்த்தார்கள்.

நிறைமதி தன் பின்னிணைப்பைத் திரும்பக் கேட்டாள். ஏற்கப்பட்ட உண்மையைத் திரும்பப் பெற வழியில்லை என்றார்கள். அதற்குள் அதன் நகல் ஒன்று வடமருதத்தில் இருந்த இதேபோன்ற மன்றத்துக்கும் போய், அங்கும் அதே ஆணைகள் பிறந்திருந்தன. பகை நாடுகளுக்கு நடுவே தடையில்லாமல் போய்வந்த ஒரே பொருள் ஆய்வேடுதான்.

ஐப்பசி வெள்ளத்தில் பொன்னுருவியின் ஒரே பசு அக்கரைக்குப் போயிற்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள பசு. வீட்டில் இருபது நாள் கன்று. பட்டியில் மாட்டைப் பறிகொடுத்தவர்கள் இரு கரையிலும் நின்று கல்லெறியத் தொடங்கியிருந்தார்கள்.

மன்றம் உடனே புதிய ஆய்வை அறிவித்தது: 'நாவல்துறையில் திடீர்ப் பகை ஏன்?' நாற்பத்திரண்டு கேள்விகளுடன் நிறைமதியை அனுப்பினார்கள்.

பொன்னுருவி இந்த முறை மோர் கொடுக்கவில்லை.

"வாங்கம்மா. எம் பேரு உங்க வாயில வந்ததவிட முரசுக்காரன் வாயில நல்லா இருந்துச்சு. வாரா வாரம் காவல் சாவடிக்குப் போயிக் கைநாட்டு வச்சுட்டு வரேன்."

"என் தப்புதான்க்கா."

"இப்ப என்ன வேணும்?"

"கேள்வி கேட்கணும். அக்கரைக்காரர்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரியாது."

"உங்கள் மாடு எங்கே இருக்கிறது?"

"தெரியாது."

இருபதாவது கேள்வியில் நிறைமதியின் பேனா நின்றது. ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றியது. தாயில்லாத இளங்கன்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். சத்தமே இல்லை.

கேட்காமல் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். வைக்கோல்போருக்குப் பின்னால் கன்று முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. பசு அதன் முதுகை நக்கியது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. வயிற்றில் ஈரம் காயவில்லை. கழுத்தில் என்னவோ கட்டியிருந்தது. வேப்பிலை இல்லை, வேறு ஏதோ.

என்னவென்று பார்க்க இரண்டடி வைத்தால் போதும்.

பின்னால் ஓடிவந்த பொன்னுருவிக்கு மூச்சு வாங்கியது. "என்னம்மா பாக்குற?"

நிறைமதி தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மழை வருமான்னு பார்க்கிறேன்க்கா."

பொன்னுருவியும் ஒருமுறை வானத்தைப் பார்த்தாள். பிறகு, "மோர் குடிக்கிறியா, தாயி?" என்றாள்.

நிறைமதி மிச்சக் கேள்விகளையும் கேட்டு முடித்தாள். ஊர் முழுவதும் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான். நாற்பத்திரண்டு கட்டங்களிலும் 'தெரியாது' என்று திருத்தமாக எழுதினாள்.

மன்றம் மகிழ்ந்தது. கரை மக்களுக்கு அயல் உறவு பற்றி எதுவுமே தெரியாது என்பது நிரூபணமாகிவிட்டதால் அறிஞர்களின் எண்ணிக்கை நூறாக உயர்த்தப்பட்டது. வடமருதத்து மன்றமும் அதே வாரம் அதே முடிவுக்கு வந்து, அங்கும் நூறு பேரை நியமித்தது.

நிறைமதிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் மனமாரப் பாராட்டிவிட்டு ஒரே ஒரு குறை சொன்னார்: ஆய்வேட்டில் பின்னிணைப்பு இல்லை.

அவள் வழக்கம்போலக் கூச்சத்துடன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.